தவணையை விலைக்கு வாங்குதல்

ஜாலான் புசார் என்றால் மலாய் மொழியில் பெரிய சாலை என்று அர்த்தம். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்துக்குக் கிழக்கெல்லை போல அமைந்த அந்தச் சாலையில், குளியலறைச் சாமான்களும் இரும்புச் சாமான்களும் விற்கும் கடைகளைக் கடந்து, சையது ஆல்வி ரோடு வழியாக முஸ்தபா சென்டர் பக்கம் திரும்பி, கூட்டத்தில் புகுந்து சிராங்கூன் சாலையை ஒருவர் வந்தடைய, நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அந்தக் கால் மணி நேரத்துக்குள், கடன் வாங்குவதற்கென்று மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழிகளில் பெரும்பாலானவற்றை அவர் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நகையை வைத்துப் பணம் தரும் அடகுக்கடைகள் இருக்கின்றன. அரசாங்கத்தின் உரிமம் பெற்றுக் கடன் கொடுப்போர் இருக்கின்றனர். வங்கிகளின் பணப்பொறிகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல், வேலையிடத்துச் சிநேகிதர்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதந்தோறும் போட்டு எடுக்கும் சீட்டும் இருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவே, எல்லோருடைய சட்டைப்பையிலும் கைப்பையிலும் சத்தமில்லாமல் குடியிருப்பது கடன்பற்று அட்டை.

இவற்றின் வட்டி விகிதங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் ஆச்சரியம் உண்டாகும். சிங்கப்பூரில் அடகுக்கடைக்காரர் மாதத்துக்கு நூற்றுக்கு 1.5 வெள்ளிக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அது 18 சதவீதம். உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் 2015 அக்டோபர் முதல் மாதத்துக்கு 4 சதவீதம் வரை வட்டியும், அதற்கு மேல் கடன் தொகையில் 10 சதவீதம் வரை ஒரு முறை கட்டணமும் வாங்கலாம். கடன்பற்று அட்டையின் வட்டியோ, வங்கிக்கு வங்கி சற்று வித்தியாசப்பட்டாலும், இன்று ஆண்டுக்கு 28 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அதாவது, மனைவியின் வளையலை எடுத்துக்கொண்டு அடகுக்கடைப் படியேற வெட்கப்பட்டு, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொள்ளும் அதே மனிதர், அதைவிட ஒன்றரை மடங்கு வட்டியுள்ள கடனை, ஒரு வெட்கமும் இல்லாமல், சாப்பாட்டுக் கடையில் அட்டையை நீட்டி வாங்கிக்கொள்கிறார். வாங்கியதை மாதக் கடைசியில் முழுவதுமாகக் கட்டிவிடுகிறவருக்கு அட்டையைப் போலச் சௌகரியமான பொருள் வேறில்லை. ஒரு காசு வட்டி கிடையாது. பாக்கி வைக்கத் தொடங்கியவருக்குத்தான் அது வேறு முகம் காட்டுகிறது. அந்தப் பாக்கியைப் பற்றியும், அதை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றிக்கொள்ளும் ‘பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்’ என்னும் ஏற்பாட்டைப் பற்றியுமே இங்கே சொல்ல விரும்புகிறேன். அதைப் பாக்கி மாற்று என்று சொன்னால் நம் காதுக்கு இன்னும் சுலபமாக இருக்கும்.

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை உண்டானது ஒரு நண்பரால். ஜாலான் புசாரில் குழாய்களும் பீங்கான் தொட்டிகளும் விற்கும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். மாதச் சம்பளம் 3,600 வெள்ளி. ஊரில் தகப்பனார் காலமானபோது குடும்பத்தோடு அவசரமாக விமானம் ஏறியதும், காரியங்கள் எல்லாவற்றுக்கும் மூத்த பிள்ளை என்ற முறையில் தாமே முன்நின்று செலவு செய்ததுமாக, அட்டையில் ஏறிய கடன் 8,000 வெள்ளி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் காப்பிக்கடை மேஜையில், வங்கியிலிருந்து வந்த கணக்கறிக்கையையும், வேறொரு வங்கி அனுப்பியிருந்த விளம்பரக் கடிதத்தையும் என் முன்னால் விரித்து வைத்தார்.

“அண்ணே, நான் ஒரு மாசம்கூட விடாமக் கட்டிக்கிட்டுத்தான் வர்றேன். எட்டு மாசமா எட்டாயிரத்துல அப்படியே நிக்குது. எங்கேண்ணே போகுது காசு?”

எங்கே போகிறது என்பதை அந்தக் காகிதத்திலேயே பார்க்க முடிந்தது. கணக்கறிக்கையில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று அச்சிட்டிருக்கும். இங்குள்ள பெரிய வங்கிகளில் அது பாக்கியில் 3 சதவீதம் அல்லது 50 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது. 8,000 வெள்ளிக்கு 240 வெள்ளி. அவர் நாணயமானவர், மாதந்தோறும் அந்த 240 வெள்ளியைக் கெடு தவறாமல் கட்டிவந்தார். ஆனால் 27.8 சதவீத வட்டியில் 8,000 வெள்ளிக்கு ஒரு மாத வட்டி மட்டும் 185 வெள்ளி. ஆக அவர் கட்டிய 240 வெள்ளியில் 185 வெள்ளி வட்டிக்குப் போக, அசலில் கழிந்தது 55 வெள்ளி. அந்த 55 வெள்ளியையும், மாதத்தின் நடுவே முஸ்தபாவில் வாங்கிய அரிசியும் எண்ணெயும் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காலணியும் மறுபடி அட்டையில் ஏறி நிரப்பிவிட்டன. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதிதாக ஒன்றுமே வாங்காமல், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். பாக்கி குறையக் குறைய அந்த 3 சதவீதமும் குறைந்துகொண்டே வருவதால், கடன் முற்றும் தீர இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் கட்டும் வட்டி மாத்திரம் இருபதாயிரம் வெள்ளியைத் தாண்டும். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். மூத்த பெண்ணுக்கு அப்போது வயது ஐந்து. ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லை, இவ்வளவு கட்டினால் போதும் என்று வங்கியே சொல்லும் ஆலோசனையாக எடுத்துக்கொள்ளும் எளிய ஜனங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. குறைந்தபட்சத்தை மட்டுமே கட்டினால் கடன் எப்படிப் பெருகும் என்பதை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கிகளுக்கு விதித்திருக்கிறது. ஆனால் கணக்கறிக்கையில் அந்தப் பகுதியைப் படிக்கிறவர்கள் எத்தனை பேர்?

இனி அந்த இரண்டாவது காகிதம். ‘பூஜ்யம் சதவீத வட்டி, 12 மாதம்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, அதற்கு அடியில் சிறிய எழுத்தில், ஒரு முறை கட்டணம் 4.5 சதவீதம் என்று இருந்தது. பாக்கி மாற்றின் தத்துவம் இவ்வளவுதான்: புதிய வங்கி உம்முடைய பழைய வங்கிக்கு 8,000 வெள்ளியைக் கட்டிவிடும், அந்தத் தொகையோடு கட்டணமான 360 வெள்ளியையும் சேர்த்து 8,360 வெள்ளியை உம்முடைய பேரில் எழுதிக்கொள்ளும், குறித்த காலம் வரை அந்தத் தொகையின் மேல் வட்டி ஏறாது. காலம் மூன்று மாதமாகவும் ஆறு மாதமாகவும் பன்னிரண்டு மாதமாகவும் இருக்கும். காலம் நீளமானால் கட்டணமும் கூடுதல். ஆகையால், வங்கி இங்கே விற்பது இன்னதென்று நமக்குப் பழக்கமான ஒரே சொல்லில் சொல்லிவிடலாம், அது தவணை.

இந்தச் சொல் சிங்கப்பூருக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் இங்கே வந்து, மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி என்னும் தொழிற்கூடங்கள் வைத்து, மார்க்கா எனப்படும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பெட்டியும் சாய்மேஜையுமாகத் தரையில் வரிசையாக அமர்ந்து, சீன வியாபாரிக்கும் மலாய் நிலச்சுவான்தாருக்கும் நம்மவருக்கும் கடன் கொடுத்தார்கள். 1859-ல் அவர்கள் டேங்க் ரோட்டில் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் தைப்பூசத்தன்று காவடிகள் வந்துசேரும் இடமாக இருக்கிறது. அவர்களுடைய தொழில் வழக்கில் நடப்பு வட்டி என்றும் தவணை வட்டி என்றும் தனித்தனியாகப் பிரித்துப் பேசினார்கள். ரங்கூன் போன்ற ஊர்களில் நடப்பு வட்டியைக் கோயிலில் கூடித் தீர்மானித்தார்கள். வட்டி தருகிற பணம் வேறு, தவணை தருகிற காலம் வேறு, காலத்துக்கும் விலையுண்டு என்னும் தெளிவு அந்தப் பெட்டியடிப் பையனுக்குக்கூட இருந்தது. பளபளக்கும் காகிதத்தில் ‘பூஜ்யம்’ என்று படிக்கும் நமக்குத்தான் அது மறந்துபோகிறது. பூஜ்யம் என்பது வட்டிக்கு. காலத்துக்கு விலை 360 வெள்ளி.

அந்த விலை நியாயமானதா என்றால், என் அபிப்பிராயத்தில், பெரும்பாலும் நியாயமானதே. நண்பர் மாதம் 697 வெள்ளி வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் 8,360 வெள்ளியும் தீர்ந்துவிடும். அதே 697 வெள்ளியைப் பழைய அட்டையிலேயே கட்டிவந்தால் பதினான்காம் மாதம்தான் கடன் தீரும்; வட்டி ஏறக்குறைய 1,400 வெள்ளி. 360 எங்கே, 1,400 எங்கே? இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்லிவிட வேண்டும். 4.5 சதவீதம் என்பதை ஆண்டு வட்டி 4.5 என்று எண்ணிவிடக் கூடாது. மாதாமாதம் கட்டக் கட்டக் கையில் நிற்கும் கடன் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் கட்டணத்தை முழுத் தொகைக்கும் முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள். சமமாகக் கட்டி முடிப்பவருக்கு அது உண்மையில் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவே விழும். விளம்பரங்களில் உண்மை வட்டி விகிதத்தைக் குறிக்கும் ‘ஈ.ஐ.ஆர்.’ என்ற மூன்றெழுத்துக்குப் பக்கத்தில் கட்டணத்தைவிடப் பெரிய எண் ஒன்று இருப்பதற்குக் காரணம் இதுதான். வங்கிகளை ஒப்பிடுகிறவர் பார்க்க வேண்டியது அந்த எண்ணை. இருந்தாலும் 28-க்கு முன்னால் 8 சிறியதே.

“மாசம் எழுநூறு முடியாதுண்ணே. ஊருக்கு அம்மாவுக்கு அனுப்பணும். ஐந்நூத்தைம்பதுதான் முடியும். அப்போ இது எனக்கு ஆகாதா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். பெரும்பாலோர் போட்ட பின்னால் கேட்கிறார்கள். 550 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் 6,600 வெள்ளி; தவணை முடியும் நாளில் 1,760 வெள்ளி நிற்கும். பதின்மூன்றாம் மாதத்திலிருந்து அந்த 1,760-க்கும் பழையபடி 28 சதவீத வட்டி ஏறும். ஆனால் அதே 550-ஐ விடாமல் கட்டினால் இன்னும் நான்கு மாதத்தில் அது தீர்ந்துவிடும். கட்டணமும் கடைசி வட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 450 வெள்ளியோடு முடியும். மாற்றாமலே 550 கட்டிவந்தால் பதினெட்டு மாதமும் 1,850 வெள்ளிக்கு மேல் வட்டியும் ஆகும். ஆகவே தவணைக்குள் முழுவதும் தீர்க்க முடியாதவருக்கும் இதனால் பிரயோசனம் உண்டு. போதுமான தொகையை ஒழுங்காகக் கட்டுவது மாத்திரம் அவசியம். டிசம்பரில் கிடைக்கும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தை இந்தப் பக்கம் திருப்பினால் அந்த 1,760-உம் நிற்காது என்று நான் சொன்னபோதுதான் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

இதே ஏற்பாட்டில் புதிய வங்கி மாதந்தோறும் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு, ‘வட்டிதான் இல்லையே’ என்று ஆறுதலாக இருந்துவிடுகிறவரின் நிலை வேறு. 3 சதவீதமாகவே கட்டிவந்தால் ஆண்டு முடிவில் 5,800 வெள்ளி அப்படியே நிற்கும். அப்போது இன்னொரு வங்கியின் கடிதம் வரும். மறுபடி ஒரு கட்டணம். மறுபடி ஒரு தவணை. இதற்குள் பழைய அட்டை காலியாகி, எட்டாயிரம் வெள்ளிக்கு இடம் வைத்துக்கொண்டு பர்ஸில் காத்திருக்கிறது. பாக்கி மாற்றிக்கொண்டவர்கள் முழுகிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கடன் இருமடங்காவதற்குப் பெரிய ஊதாரித்தனம் வேண்டியதில்லை. தீபாவளிக்கு நாலு பேருக்குத் துணியும், பையனுக்கு ஒரு கணினியும், ஊருக்கு ஒரு பயணமும் போதும். அதனால் நண்பரிடம் நான் வற்புறுத்தியது ஒன்றே: மாற்றிய அன்றைக்கே பழைய அட்டையின் வரம்பைக் குறைக்கச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட வேண்டும், புதிய அட்டையை வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகவே கூடாது. மாற்றிய தொகைக்கு வட்டி இல்லையென்றாலும், புதிய அட்டையில் வாங்கும் சாமானுக்கு வட்டி உண்டு. கட்டும் பணத்தை எந்தப் பாக்கிக்கு முதலில் வரவு வைப்பார்கள் என்பதும் அவரவர் ஷரத்தைப் பொறுத்தது.

சிறு விஷயங்கள் சிலவற்றிலும் ஜாக்கிரதை வேண்டும். மாற்றும் பணம் பழைய வங்கிக்குப் போய்ச்சேரச் சில நாட்கள் ஆகலாம். அதற்கிடையே கெடு வந்தால் பழைய அட்டைக்கும் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தாமதக் கட்டணமாக நூறு வெள்ளி போல விழும். பணம் போய்ச்சேர்ந்த பிறகும், கணக்கறிக்கைத் தேதிக்கும் பணம் சேர்ந்த தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த மாதம் எட்டிப் பார்க்கும். ‘எல்லாம் அடைத்துவிட்டோம்’ என்று அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் போட்டவர்கள் சில வெள்ளிக்காகக் கெட்ட பெயர் வாங்கியதுண்டு. புதிய வங்கியில் ஒரு கெடு தவறினாலும் சலுகையே ரத்தாகலாம். ஒரே வங்கியின் ஓர் அட்டையிலிருந்து இன்னோர் அட்டைக்குப் பொதுவாக மாற்றித் தரமாட்டார்கள். முன்னதாகவே கடனைத் தீர்த்தாலும் வாங்கிய கட்டணம் திரும்பி வராது. பாக்கியை அடைப்பதற்குப் பதிலாக அந்தத் தொகையை ரொக்கமாகவே உங்கள் கணக்கில் போடுகிறோம் என்று சில வங்கிகள் சொல்லும். கடனே இல்லாதவருக்குக் கடன் உண்டாக்கும் அந்த வழியை நான் எவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஏற்பாடு இன்னும் கெடு தவறாதவருக்கே கிடைக்கும் என்பதை மறக்கக் கூடாது. யார் எங்கே எவ்வளவு வாங்கினார், எப்போது கட்டினார் என்பதெல்லாம் கிரெடிட் பியூரோவில் பதிவாகிறது. ஏஏ என்பதில் தொடங்கும் அதன் தரவரிசையில் கீழே இறங்கியவருக்குப் புதிய வங்கி கதவைத் திறக்காது. அட்டைகளிலும் மற்ற ஈடில்லாக் கடன்களிலுமாக மொத்தப் பாக்கி மாதச் சம்பளத்தைப் போல 12 மடங்கைத் தாண்டி மூன்று மாதம் தொடர்ந்து நின்றால், மேற்கொண்டு கடன் கொடுக்கக் கூடாது என்பது நாணய ஆணையத்தின் விதி. 2015-ல் 24 மடங்கு என்று தொடங்கி 2019 ஜூனில் 12 மடங்குக்குக் கொண்டுவந்தார்கள். அந்த எல்லையைத் தாண்டியவர்களுக்கு என்றே சிங்கப்பூர் வங்கிகள் சங்கம் 2017 ஜனவரியில் கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆண்டு வருமானம் 20,000 வெள்ளி முதல் 120,000 வெள்ளிக்குள் உள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும், எல்லா வங்கிப் பாக்கிகளையும் ஒரே வங்கியில் சேர்த்து, அட்டை வட்டியைவிட மிகக் குறைந்த வட்டியில் பல ஆண்டு மாதத் தவணையாகக் கட்டலாம். பழைய அட்டைகளை மூடிவிடுவார்கள். சம்பளத்தைப் போல 15 மடங்கு கடன் வைத்துக்கொண்டு ஆறு மாதப் பாக்கி மாற்றுக்கு அலைவது வீண். அப்படிப்பட்டவருக்கு வேண்டியது இந்தத் திட்டம். அதுவும் கைக்கெட்டாதவர்கள் ‘கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்’ என்ற அறநிறுவனத்தை அணுகினால், கணக்கை உட்கார்ந்து பார்த்து, வங்கிகளோடு பேசித் திருப்பிக் கட்டும் திட்டம் ஒன்றை வகுக்க உதவுகிறார்கள். மாதம் 4 சதவீதக்காரரிடமும், அதற்கும் அப்பால் கதவில் சாயம் பூசி மிரட்டும் ‘ஆலோங்’ என்னும் திருட்டு வட்டிக்காரரிடமும் போவதற்கு முன்னால் ஏறிப் பார்க்க வேண்டிய படி அது. அங்கே போவதில் அவமானம் ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவது போலத்தான்.

நண்பர் மார்ச் மாதம் பாக்கியை மாற்றிக்கொண்டார். சம்பளம் வரும் நாளுக்கு மறுநாளே 550 வெள்ளி தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டார். கையில் தங்கினால்தானே வேறு வழிக்குப் போகும்? முஸ்தபாவுக்கு இப்போது ரொக்கம் எடுத்துக்கொண்டு போகிறார். சாமான் கூடையை வரிசையில் வைத்த பிறகு கையிலிருப்பதை எண்ணிப் பார்த்து, இரண்டொரு பொருளை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு வருவதும் உண்டு என்று அவர் மனைவி சொன்னார்.

சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் எரியத் தொடங்கியிருந்த ஒரு மாலை, அவருடைய கடைக்குப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் தமிழ் மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. ராகுகாலம், எமகண்டம், முகூர்த்த நாள் எல்லாம் அச்சிட்ட அந்தத் தாள்களில், ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு மாதத்திலும் ஒரு தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் ஓர் எண்ணைப் பொடி எழுத்தில் குறித்திருந்தார். 7,810, 7,260, 6,710 என்று நான் தாளைத் திருப்பிக்கொண்டே வந்தேன். கடைசி வட்டத்தின் மை இன்னும் புதிதாக இருந்தது, பக்கத்தில் 4,510.

“இன்னும் அஞ்சு தாள்ண்ணே. நடுவுல போனஸ் வந்துடும்” என்று சொல்லிவிட்டு, குழாய் கேட்டு வந்த சீனக் கிழவரைக் கவனிக்கப் போனார்.